முனி மரத்தடியில் பூத்த குங்குமம்

நல்லமுத்து கொடுக்க வேண்டியிருந்த கடன் நாற்பத்து மூன்று வெள்ளி எழுபது காசு. வாங்கியது தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் சடையப்பனிடம். மூன்று வருடத்துக்கு முன் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வாங்கினான். பிள்ளை பிழைக்கவில்லை. கடன் பிழைத்துக்கொண்டது. அடகாக மனைவி நவமணியின் கம்மல் ஜோடி மண்டோரிடம் இருந்தது.

1934 பிப்ரவரி 5, திங்கட்கிழமை, காலை மணி 5:30. பினாங்கில் தண்ணீர்மலைச் சாலையின் கோடியில் இருந்த கம்பெனி நாற்றுத் தோட்டத்தில் பெரட்டு நடந்தது. கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட, ஆட்கள் வரிசையில் நின்று பதில் சொன்னார்கள். நல்லமுத்து பெயருக்குப் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஆளைக் காணவில்லை என்று பெண்கள் வரிசையிலிருந்து நவமணி சொன்னாள்.

மண்டோர் சடையப்பன் தொண்டையைக் கனைத்தார். அறுபது கூலிகளை மேய்க்கிறவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. விடியற்காலை நாலரைக்குத் துரை வீட்டுக்கு மீன் வாங்கப் பசாருக்குப் போனாராம். துறைமுகச் சாலையில் நல்லமுத்து தன் மரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனானாம். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அன்று காலை நாகப்பட்டினம் கப்பல் புறப்படுகிற நாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிராணி பெயருக்கு நேரே ‘ஓட்டம்’ என்று எழுதினார். ஒரு மனிதனைக் கணக்கிலிருந்து எடுக்க அவ்வளவுதான் வேலை.

காலை மணி 9:10. போலீஸ் சார்ஜன் இஸ்மாயில் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பா வழியில் தமிழ், அம்மா வழியில் மலாய்; இரண்டு பாஷையிலும் ஒரே வேகத்தில் அலுத்துக்கொள்வார். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் நவமணியின் அறையைப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில் தரை வெளுத்திருந்தது. பாயும் இல்லை.

நவமணி சொன்னது இது. ஞாயிற்றுக்கிழமை நல்லமுத்துவுக்குச் சீட்டு விழுந்தது, ஐம்பது வெள்ளி. சாயங்காலம் நாலு மணிக்கு மண்டோரைப் பார்த்துக் கடனை அடைத்துவிட்டு, கம்மலோடு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவள் துரை பங்களாவில் துணி துவைக்கப் போய்விட்டாள். லயத்து ஆட்கள் எல்லாரும் பசாருக்குப் போயிருந்தார்கள். இருட்டும்போது அவள் திரும்பினாள். புருஷனும் இல்லை, பெட்டியும் இல்லை. பெட்டிச் சாவி மட்டும் அவள் தாலிக்கயிற்றில் தொங்கியது.

“என்கிட்ட வரவே இல்லீங்க. அம்பது வெள்ளியைக் கையில பார்த்ததும் அவனுக்குக் காலு முளைச்சிடுச்சு” என்றார் மண்டோர்.

“சாவியை விட்டுட்டா பெட்டியைத் தூக்கிட்டுப் போவாரு?” என்று நவமணி கேட்டாள்.

சார்ஜன் அவளைப் பரிதாபமாகத்தான் பார்த்தார். “ஓடறவன் பூட்டை உடைக்க மாட்டானாம்மா? இந்த மாசத்துல மட்டும் ஒம்பது பேரு இப்படித்தான்லா. ஒவ்வொரு பெண்டாட்டியும் இதையேதான் சொல்லுது.”

கப்பல் பட்டியலில் நல்லமுத்து என்ற பெயர் இல்லை என்று மறுநாள் தெரிந்தது. ஓடுகிறவன் சொந்தப் பெயரையா கொடுப்பான் என்று சார்ஜன் அதையும் மடித்து வைத்துவிட்டார்.

கடன் நவமணியின் தலையில் ஏறியது. கெடாவில் ஒரு எஸ்டேட்டில் மண்டோருக்கு மைத்துனர் ஒருவர் இருந்தார். அங்கே போய் உழைத்துக் கழிக்க வேண்டும், பதினேழாம் தேதி சனிக்கிழமை கிளம்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. லயத்துப் பெண்கள் அவளுக்குக் கப்பல்காரி என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வாளியை வைத்தால், நாகப்பட்டினத்துக்கு வழி விடுங்கடி என்பார்கள். கடனை அவள் உழைத்துக் கழித்துவிடுவாள். அந்தப் பெயரை எங்கே போய்க் கழிப்பது?

தோட்டத்தின் பின்புறம் ஒரு ஆலமரம் இருந்தது. அடியில் ஒரு கல்லும் சூலமும். முனி மரம் என்பார்கள். முன்பக்கம் கற்பூரம் கொளுத்துவதோடு சரி. மரத்தின் பின்பக்கம் யாரும் போவதில்லை, கூட்டுவதில்லை, மண்வெட்டி போடுவதில்லை. அதற்கு அப்பால் எருக்குழி. சாணமும் இறால் தூளும் மக்குகிற நாற்றம் எந்நேரமும் அடிக்கும்.

தைப்பூசத்துக்கு முன்பிருந்தே மழை இல்லை. நாற்றுப் பாத்திகளுக்கே தண்ணீர் அளந்து ஊற்றினார்கள். ஆனாலும் திங்கட்கிழமை தொடங்கி மண்டோர் காலையில் மூன்று குடம் தண்ணீர் சுமந்து வந்து மரத்தின் பின்பக்கம் ஊற்றினார். முனி சூடாக இருக்கிறார், குளிரப் பண்ண வேண்டும் என்றார். தானே சுமந்தார், யாரையும் ஏவவில்லை. எவ்வளவு பக்தி பாரேன் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, காலை மணி 6:40. ஓடிப்போன ஆட்டுக்குட்டியைப் பிடிக்க மரத்தின் பின்னால் போன ஒரு பெண் அலறிக்கொண்டு வந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஈர மண்ணில் ஒரு முறம் அகலத்துக்குக் குங்குமம் தூவியது போல் செக்கச்சிவந்த ஆரஞ்சு நிறம். யாரும் தூவவில்லை. மண்ணே பூத்திருந்தது.

சாயங்காலத்துக்குள் தேங்காய் உடைந்தது. முனி அடையாளம் காட்டிவிட்டார் என்றார்கள். திருடன் வீட்டுக்காரி முதலில் விழுந்து கும்பிடட்டும் என்று நவமணியை இழுத்துவந்து மண்டியிட வைத்தார்கள். குனிந்து ஒரு விரலில் தொட்டு நெற்றியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் சிமெண்டு மேடை கட்டுவதென்று மண்டோர் அறிவித்தார். ஆளுக்குப் பத்துக் காசு. கொடுக்க மனமில்லாதவர்களும் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 10, சனிக்கிழமை, காலை மணி 10:15. தோட்டத்து ஆராய்ச்சி அறையில் அலாவுதீன் மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் மண்வெட்டி பிடித்து முதுகு போனபின், அறையைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இலைக்கு வரும் நோயையும் காளானையும் ஆராயும் துரை ஒருவர் அங்கே இருந்தார். அவர் சேகரித்தவற்றுக்குச் சீட்டு ஒட்டும் வேலை மெல்ல மெல்ல அலாவுதீனுக்கு வந்தது. நாற்பது வயதுக்கு மேல் அந்தச் சீட்டுகளைப் பார்த்து எழுதித்தான் எழுத்துப் படித்தார். துரை இப்போது கொடிமலையில் ஓய்வில் இருந்தார். அவர் இல்லாதபோது மைக்ராஸ்கோப்பைத் துடைக்கலாம், கண்ணை வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

நவமணி வாசலில் நின்றாள். கையில் ஒரு ஆலிலை.

“அண்ணே, குங்குமம் வளருமா?”

அவர் நிமிர்ந்தார்.

“நேத்து முறம் அளவு இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு முறம். நெத்தியில வச்சா ஒட்ட மாட்டேங்குது. கண்ணுப் பீளை மாதிரி வழுக்குது. இது சாமி குடுத்த குங்குமமா இருந்தா நான் கப்பல்காரியாவே இருந்துட்டுப் போறேன். என்னன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

இலையில் ஒரு சிட்டிகை மண் இருந்தது. அலாவுதீன் வாசலை ஒருமுறை பார்த்தார். கதவைச் சாத்தினார். மைக்ராஸ்கோப்பின் மூடியை எடுத்தார்.

முதலில் கைக்கண்ணாடியால் பார்த்தார். மண்ணின் மேல் வெள்ளை நூலாம்படை. அதன்மேல் கடுகில் பாதி அளவுக்கு நூற்றுக்கணக்கான சின்னக் கிண்ணங்கள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. கிண்ணக் காளான். அவ்வளவு வரைக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆரஞ்சு நிறத்தில் கிண்ணக் காளான் ஒன்றா இரண்டா? ஓடையோரம் மக்கிய கட்டையில் வருவதும் இந்த நிறம்தான். சாணத்தில் வருவதிலும் இந்த நிறம் உண்டு. எருக்குழி பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் ஒன்று.

ஒரே ஒரு கிண்ணத்தை ஊசிமுனையால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே மெல்லிய சில்லை மூடி, தீக்குச்சியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்தினார். கிண்ணம் நசுங்கி விரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் வாங்கி மேலே திருப்பிவிட்டுக் கண்ணை வைத்தார்.

கிண்ணம் முழுவதும் நிறமில்லாத நீளக் குழாய்கள், விறகுக் கட்டு போல நின்றன. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் முருங்கைக்காயில் விதை போல வித்துகள். எண்ணினார். எட்டு. அடுத்த குழாயிலும் எட்டு.

துரையின் பதினாலாம் நம்பர் டிராயரிலிருந்து ஓடையோரக் காளானின் சில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதன் கிண்ண விளிம்பில் கண்ணிமை மயிர் போலக் கறுத்த முடிகள் நின்றன. வித்துகள் சொரசொரப்பாக, உள்ளே எண்ணெய்ப் பொட்டுகளோடு இருந்தன. நவமணி கொண்டுவந்ததில் விளிம்பில் ஒரு முடி இல்லை. வித்துகள் வழவழவென்று, உள்ளே பொட்டில்லாமல் இருந்தன. ஆகக் கட்டைக் காளான் இல்லை.

ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். சாணத்துக் கிண்ணக் காளானாக இருந்தால் பெரும்பாலும் குழாயின் நுனி நீலமாகும். காத்திருந்தார். நீலம் ஏறவில்லை. சாணத்தது என்பதும் அடிபட்டது.

பிறகு அவர் டிராயர்களைத் தேடவில்லை. நேராக அலமாரியின் கடைசித் தட்டுக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். நாலு வருடத்துக்கு முன், ஆயர் ஈத்தாமில் கரி சுடுகிற இடத்திலிருந்து துரை கொண்டுவந்தது. அந்தச் சீட்டை எழுதியது அலாவுதீன்தான். பிழையில்லாமல் அவர் எழுதிய முதல் சீட்டு அது. அதனால் மறக்கவில்லை. முடியில்லாத விளிம்பு, வழவழ வித்து, நீலமேறாத குழாய். இரண்டும் ஒன்று.

“என்ன எழுதியிருக்கு அண்ணே?” என்று நவமணி கேட்டாள்.

“எரிந்த மண்ணில்” என்று படித்தார் அலாவுதீன். “இது தீப்பட்ட மண்ணுலதான் இப்படிக் கூட்டமா வரும், தங்கச்சி. தீ அணைஞ்சு ஈரமும் பட்டா நாலஞ்சு நாளுல பூக்கும்.”

முனி மரத்தடியில் யார் தீ மூட்டுவார்கள் என்று நவமணி கேட்டாள்.

அதையே அவரும் யோசித்துக்கொண்டிருந்தார்.

பகல் மணி 12:30. பெரட்டுக் களத்தில் சார்ஜன் இஸ்மாயில் வேறு ஒரு ஓட்டக் கேசுக்காக வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்கள் சோற்றுக்குக் கூடியிருந்தார்கள். அலாவுதீன் அங்கே போய், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், முனி மரத்துக்குப் பின்னால் போன வாரம் யாராவது சருகு கொளுத்தினீர்களா என்று கேட்டார்.

எல்லாரும் அவரைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். குப்பை எரிக்கக் குழி தனியாக இருக்கிறது, அதைத் தினமும் காலையில் கிளறிச் சாம்பல் எடுப்பார்கள், முனி மரத்தடியில் தீ வைக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். மண்டோர் எழுந்தே நின்றுவிட்டார்.

“கற்பூரத்தைத் தவிர அங்க ஒரு பொறி விழுந்ததில்ல. சத்தியம் பண்ணுறேன். பாய், இது உங்க சாமி இல்ல. சில்லு கழுவுறது உங்க வேலை, அதைப் பாருங்க.”

அலாவுதீன் சரி என்று தலையாட்டினார்.

சார்ஜனைத் தனியாகப் பிடித்துக் காளான் கதையைச் சொன்னார். சார்ஜன் காது குடைந்துகொண்டே கேட்டார். “காளான் எங்க வீட்டுக் குளிக்கிற அறையிலயும் வருது பாய். அதுக்கெல்லாம் தோண்டினா பினாங்கே குழியாயிடும்லா. துரை கையெழுத்துப் போட்டுக் குடுத்தா இன்ஸ்பெக்டர் கேப்பாரு. கூலிக்காரன் கண்ணால பார்த்ததை எந்தக் கோர்ட்டுல வைக்கிறது?”

அலாவுதீன் அறைக்குத் திரும்பினார். முனி மரத்தின் முன்பக்கத்து மண்ணை இரண்டு பூச்சட்டிகளில் நிரப்பினார். ஒரு சட்டி மண்ணை இரும்புத் தட்டில் கொட்டித் தேங்காய் மட்டைத் தீயில் நன்றாகச் சுட்டு, ஆறவைத்துத் திரும்ப நிரப்பினார். மற்றதைச் சுடவில்லை. இரண்டிலும் நவமணியின் மண்ணிலிருந்து ஒரே அளவு துகளைத் தூவினார், ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார். கண்ணாடிக் குடுவையால் மூடி ஜன்னலோரம் வைத்தார்.

ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள், செவ்வாய் ஒன்றுமில்லை. புதன்கிழமை சுட்ட மண்ணில் வெள்ளை நூலாம்படை ஓடியது. நவமணி தினமும் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். லயத்தில் அவள் பாத்திரங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். மண்டோர் கல்லும் மணலும் இறக்கினார். இரண்டு மூட்டை சிமெண்டு வந்தது.

பிப்ரவரி 15, வியாழக்கிழமை, காலை மணி 7:30. சுட்ட மண் ஆரஞ்சாகப் பூத்திருந்தது. சுடாத மண் வெறும் மண்ணாகவே இருந்தது.

அலாவுதீன் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்ச் சார்ஜனைக் கூட்டிவந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் சார்ஜன் கையால் பொத்திக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மரத்தடிச் சில்லு, சட்டிச் சில்லு, கரி சுட்ட இடத்துச் சில்லு. வெகுநேரம் பார்த்தார். அலுப்புக் குரல் காணாமல் போயிருந்தது.

“மூணும் ஒண்ணுதான்” என்றார்.

“நாலஞ்சு நாள் கணக்கும் சரியா வருது. அங்க வெள்ளிக்கிழமை பூத்துச்சு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தீ எரிஞ்சிருக்கு. நல்லமுத்து காணாமப் போன ஞாயிறு. ஊரே சத்தியம் பண்ணுது, அங்க தீயே இல்லைன்னு. அப்ப ஒளிச்சு எரிச்ச தீ. எதை எரிச்சாங்கன்னு பார்க்க வேணாமா?”

சார்ஜன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். தோண்ட இன்ஸ்பெக்டர் உத்தரவு வேண்டும், சாமி இடத்தில் கை வைத்தால் கலகம் வரும் என்றார். பிறகு, நாளைக்குத்தானே மேடை கட்டுகிறார்கள் என்று கேட்டார்.

பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை, காலை மணி 7:05. மரத்தடியில் அறுபது பேரும் கூடியிருந்தார்கள். குங்குமப் பூவின் மேல் மாலை கிடந்தது. சிமெண்டு குழைத்துத் தயாராக இருந்தது. சார்ஜன் இரண்டு போலீஸ்காரர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் போல நின்றார்.

“அஸ்திவாரம் எங்கே மண்டோர்?” என்று கேட்டார்.

“அதெல்லாம் வேணாங்க. மேல ஊத்தினாப் போதும்.”

“ரெண்டு மழைக்கு மேடை பிளந்துடும்லா. முனிக்கு ஓட்டை மேடையா கட்டுவீங்க? ரெண்டடியாவது தோண்டணும்.”

முனி மேல் மண்வெட்டி படக்கூடாது என்றார் மண்டோர். சிமெண்டு படலாமா என்று கூட்டத்தில் எவனோ முணுமுணுத்தான். சார்ஜன் ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார். வரிசையாக எல்லாரும் பின்வாங்கினார்கள். முனி அடித்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் ஒருவன் அங்கே தீ மூட்டியிருந்தான்.

நவமணி வந்து மண்வெட்டியை வாங்கினாள். “என்னை அடிக்க முனிகிட்ட இன்னும் என்ன பாக்கி இருக்கு?” என்றாள்.

மாலையை ஓரமாக எடுத்து வைத்தாள். நாலாவது வெட்டில் கரி வந்தது. எட்டாவது வெட்டில் மண்வெட்டி எதிலோ பட்டு ஒலித்தது. குனிந்து எடுத்துச் சேலையில் துடைத்தாள். கறுத்துப் போன பித்தளைப் பூட்டு. கொண்டி பூட்டியபடியே இருந்தது. தாலிக்கயிற்றை இழுத்துச் சாவியை உள்ளே நுழைத்தாள். கரியை நொறுக்கிக்கொண்டு சாவி பாதி திரும்பியது. கொண்டி விட்டுக்கொடுத்தது.

முன்னால் நின்றவர்கள் பூட்டை எட்டிப் பார்த்தார்கள்.

“திங்கக்கிழமை நாலரைக்கு இந்தப் பெட்டியைத் துறைமுக ரோட்டுல தலையில பார்த்தது யாரு?” என்று அலாவுதீன் மெதுவாகக் கேட்டார். அறுபது முகமும் ஒரே பக்கம் திரும்பின.

நவமணி மறுபடி மண்வெட்டியை ஓங்கினாள். சார்ஜன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பெண்களைப் பார்த்து, இந்த அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க என்றார். கப்பல்காரி என்று கூப்பிட்ட பெண்கள்தான் வந்து தாங்கினார்கள். மீதியைச் சார்ஜனும் இரண்டு போலீஸ்காரர்களும் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் நல்லமுத்து கிடந்தான். எருக்குழி நாற்றம் பன்னிரண்டு நாளும் அவனை மறைத்து வைத்திருந்தது.

சடையப்பன் ஓடவில்லை. ஓடினால் தன் பெயருக்கு நேரே என்ன எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

காலை மணி 8:20. அலாவுதீன் விளக்கினார். சார்ஜன் எழுதிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை லயம் காலி. எந்த வீட்டுக் கதவையும் தட்டாம திறக்கிற உரிமை மண்டோருக்கு உண்டு. ஓடிட்டான்னு ஊரு நம்பப் பெட்டியும் பாயும் போயாகணும். குப்பைக் குழியில எரிச்சா காலையில கிளறும்போது பூட்டு கிடைச்சிடும். இங்க யாரும் கிளற மாட்டாங்க. புதுசா வெட்டின மண்ணுன்னு தெரியாம இருக்க அதுமேலயே எரிச்சு, கரியை அந்தச் சுட்ட மண்ணுக்குள்ளயே புரட்டி மூடினாரு. அதுவரைக்கும் தப்பில்ல.”

“பொறவு?” என்றார் சார்ஜன்.

“பொறவு தண்ணி. சாம்பல் வாடை போகணும், மண்ணு அமுங்கணும். மூணு குடமா தினம் ஊத்தினாரு. நாம எல்லாரும் பக்தின்னு நினைச்சோம். ஊரெல்லாம் மண்ணு வெடிச்சுக் கிடக்கு, பாத்திக்கே தண்ணியில்ல. இந்த ரெண்டு முறம் மண்ணுக்கு மட்டும் ஈரம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. அவர் தண்ணி ஊத்தாம விட்டிருந்தா இந்த வெயிலுல ஒண்ணும் பூத்திருக்காது. தன்னைக் காட்டிக் குடுத்த பூவுக்கு அவரேதான் தண்ணி ஊத்தியிருக்காரு.”

விலங்கு மாட்டும்போது சடையப்பன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நல்லமுத்து சாமான் கொட்டகைக்கு வந்தான். கம்மலைக் கேட்டான். கம்மலை எப்போதோ விற்றாகிவிட்டது. சட்டையைப் பிடித்தான். இவர் தள்ளினார். உருளைக் கல்லில் தலை அடித்தது. அவ்வளவுதான் என்றார்.

நவமணி பெண்களை விலக்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

“அவரு காசைக் குடுத்தாரா, இல்லையா?”

சடையப்பன் தரையைப் பார்த்தார்.

“இந்த ஆளுங்க முன்னால சொல்லு. குடுத்தாரா?”

“குடுத்துட்டான்.”

“எவ்வளவு?”

“முழுசும். எண்ணி வச்சிட்டுத்தான் கம்மலைக் கேட்டான்.”

நவமணி திரும்பி லயத்து ஆட்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குழாயடிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிப்ரவரி 19, திங்கட்கிழமை. துரை மலையிலிருந்து இறங்கி வந்தார். மரத்தடி மண்ணை ஒரு டப்பாவில் எடுத்து வைத்து, தான் கண்டெடுத்ததாகக் குறித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். அதில் அலாவுதீன் பெயர் இல்லை. உத்தரவில்லாமல் மைக்ராஸ்கோப்பைத் தொட்டதற்கு அரைநாள் கூலி பிடித்தார்கள். அன்று சீட்டெழுதும் வேலை அவருக்கு நிறைய இருந்தது. குழி மூடிய இடத்தில் ஆட்கள் மறுபடி கற்பூரம் கொளுத்த ஆரம்பித்திருந்தார்கள். இந்த முறை கடையில் வாங்கிய குங்குமம் தூவினார்கள்.

பிற்பகல் மணி 2:00. கிராணி நவமணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நோட்டைத் திறந்து, நாற்பத்து மூன்று வெள்ளி எழுபது காசு என்றிருந்த வரியின் குறுக்கே கோடு கிழித்தார். பக்கத்தில் பைசல் என்று எழுதி, தேதி போட்டு, கைநாட்டு வைக்கச் சொன்னார்.

அவள் வைக்கவில்லை. என்ன தேதி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். இன்றைய தேதி, பத்தொன்பது என்றார் கிராணி.

“அழிச்சிட்டு நாலாம் தேதின்னு போடுங்க. அவரு கட்டின தேதி அதுதான்.”

கிராணி நோட்டையும் அவளையும் பார்த்தார். சன்னலுக்கு வெளியே அலாவுதீன் துடைப்பத்தோடு நின்றார். கிராணி பேனாவை மையில் தொட்டுப் பத்தொன்பதை அடித்தார். நாலு என்று எழுதினார்.

நவமணிக்குப் படிக்கத் தெரியாது. சன்னல் வழியே அலாவுதீனைப் பார்த்தாள். அவர் எட்டிப் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் கட்டைவிரலை மையில் வைத்தாள்.